ஓடாத வண்டிக்கும் ஆயில் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் கார் வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாகவே இருக்கிறது. அப்புறம் எதற்கு வருடாவருடம் மாற்றச் சொல்கிறார்கள்?

பதில்: டிப்ஸ்டிக் அளவைத்தான் காட்டும், ஆயில் கெட்டுவிட்டதா என்று சொல்லாது. குறைவாக ஓடும் வண்டியை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். ஐந்து நிமிட ஓட்டத்தில் இன்ஜின் முழுதாகச் சூடேறாது. உள்ளே சேரும் நீராவியும் எரியாத பெட்ரோலும் வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். இதனால் உண்டாகும் அமிலத்தை முறிப்பதற்காக ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனங்களும் நாளடைவில் தீர்ந்துபோகும்.

இப்படி வந்த ஒரு காரின் வால்வு மூடியை நானே கழற்றியிருக்கிறேன். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டைச் சுற்றிலும், கெட்டுப்போன ஆயில் கறுப்புக் களிம்பாகப் படிந்திருந்தது. விரலால் வழித்தால் கிரீஸ் மாதிரி ஒட்டியது. பார்க்கவே மனது கஷ்டப்பட்டது. அந்தக் களிம்பு ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால், சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது, இன்ஜினே போய்விடும்.

காரின் கையேட்டில் ஆயில் மாற்றுவதற்குக் கிலோமீட்டர், மாதம் என்று இரண்டு கெடு இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஃபில்டரையும் கூடவே மாற்றிவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்தாற்போல் நுரை தெரிந்தால் ஈரம் சேர்கிறது என்று அர்த்தம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்திருந்தால், அது ஆயிலில் கலக்கிறதா என்று தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.