"நீங்க ஃபெமினிஸ்டா?"ன்னு மாப்பிள்ளை கேட்டா என்ன சொல்றது?

கேள்வி: ஈரோடு பக்கம் எங்க ஊர், வயசு 27, பேங்க்ல வேலை. பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை தனியா பேசணும்னு சொல்லி முதல் கேள்வியே "நீங்க ஃபெமினிஸ்டா?"ன்னு கேட்டார். "ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க"ன்னு டக்குனு சொல்லிட்டேன். ஆனா கல்யாணத்துக்கு அப்புறமும் வேலையை விட மாட்டேன், சம்பளம் என் அக்கவுண்ட்லதான் இருக்கணும்னு நினைக்கிறவ நான். அப்புறம் ஏன் அப்படிச் சொன்னேன், நான் கோழையா மேடம்?
- பெயர் வேண்டாம்

பதில்: கோழையெல்லாம் இல்ல கண்ணு, மனசுக்குள்ள ஒரு கணக்கு போட்டுப் பார்த்திருக்க, அவ்வளவுதான். ஆமான்னு சொன்னா அவருக்கு என்ன தோணும்னு உனக்கே தெரியும், ஆம்பளைன்னாலே ஆகாது, மாமியாரை மதிக்க மாட்டா, எதுக்கெடுத்தாலும் சண்டை, கடைசியில டைவர்ஸ். நம்ம சினிமாவும் வருஷக்கணக்கா இதைத்தானே காட்டுது, ஜீன்ஸ் போட்டு இங்கிலீஷ் பேசினா திமிர் புடிச்சவ, ஹீரோ ஒரு அறை விட்டதும் அடுத்த சீன்ல புடவை கட்டிட்டு வந்து நிப்பா.

வெளிநாட்டுலயும் இதே கூத்துதான். ஃபெமினிஸ்டுன்னா பிராவை எரிக்கிறவங்கன்னு இன்னைக்கும் சொல்றாங்கல்ல, அது 1968 செப்டம்பர்ல அமெரிக்காவுல மிஸ் அமெரிக்கா அழகிப் போட்டிக்கு எதிரா அட்லாண்டிக் சிட்டியில நடந்த போராட்டம். பெரிய குப்பைத்தொட்டி ஒண்ணை வச்சு ஹை ஹீல்ஸ், ஒட்டு இமை, பிரான்னு தூக்கிப் போட்டாங்க. எரிக்கலைன்னு நடத்தினவங்களே எத்தனையோ தடவை சொல்லியாச்சு. எதுக்காகப் போராடினாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல, அந்த பிரா மட்டும் அம்பது வருஷம் தாண்டியும் எரிஞ்சிட்டே இருக்கு!

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம வீட்டுச் சொத்தையே எடுத்துக்கோ. பொண்ணுக்கும் சொத்துல சம உரிமை வேணும்னு 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல தீர்மானம் போட்டாங்க. தமிழ்நாட்டுல இந்துக் குடும்பத்துப் பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு சட்டம் வர 1989 ஆச்சு, அதுலயும் ஏற்கனவே கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது. நாடு முழுக்க, கல்யாணம் ஆனவங்களையும் சேர்த்து, இந்துப் பொண்ணுங்களுக்குன்னு ஆனது 2005லதான். சரி, சட்டம் வந்தாச்சே, உங்க சொந்தத்துல எத்தனை அத்தைங்க பங்கு கேட்டு வாங்கினாங்க சொல்லு? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல, பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கிற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டு ஒரு புடவையோட திரும்பி வந்தவங்களைத்தான் நான் நிறைய பார்த்திருக்கேன். ஏன்னா கேட்டுட்டா "கூடப்பொறந்தவன்கிட்டயே பங்கு கேட்டவ"ன்னு பேர் வரும், சீர் நின்னுடும், நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டாங்க. அந்த அத்தை ஃபெமினிசம்னு கேள்விப்பட்டிருக்கவே மாட்டா, ஆனா அவ வாயை அடைச்ச அதே பயம்தான் உன்னையும் "ஐயோ இல்லைங்க" சொல்ல வச்சிருக்கு, நல்ல பொண்ணுங்கிற பேர் போயிடுமேங்கிற பயம். அவ கேட்டது நியாயமான்னு பேசாம கேட்டவ எப்பேர்ப்பட்டவன்னு பேச ஆரம்பிச்சா போதும், பங்கு கொடுக்கவே வேண்டாம் பாரு.

இன்னொண்ணு, இந்தப் பேர் பிடிக்காத எல்லாரும் பயந்தவங்களும் இல்ல. ஏசி ஹால்ல இங்கிலீஷ்ல பேசுறவங்களைப் பார்த்துட்டு, துணிக்கடையில நாள் முழுக்க நின்னு கால் வீங்கின பொண்ணு இது நமக்கான பேச்சு இல்லைன்னு நினைச்சா நான் தப்பு சொல்ல மாட்டேன். அவ உக்கார ஒரு சீட் போடணும்னு இங்க சட்டம் வந்ததே 2021லதான்.

இப்ப மாப்பிள்ளை விஷயம். அவர் தெரிஞ்சுக்கக் கேட்டாரா, உன்னை எடை போடக் கேட்டாரான்னு எனக்குத் தெரியாது, அதனால இன்னொரு தடவை பேசு. ஃபெமினிஸ்டா இல்லையான்னு பட்டிமன்றம் நடத்தாத. வேலையை விட மாட்டேன், டிரான்ஸ்ஃபர் வந்தா என்ன பண்றதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவெடுக்கணும், சம்பளம் என் அக்கவுண்ட்ல இருக்கும், வீட்டுச் செலவுக்கு என் பங்கைக் குடுப்பேன், அப்பா அம்மாவுக்கும் மாசாமாசம் அனுப்புவேன், இப்படி ஒவ்வொண்ணா சொல்லிட்டு அவர் மூஞ்சியைப் பாரு. எதிர்க்கேள்வி கேட்டா நல்லது, பேசலாம். "அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்"னு சிரிச்சு மழுப்பினா அதையே பதிலா எடுத்துக்கோ. "அப்ப நீங்க ஃபெமினிஸ்ட்தானே"ன்னு மறுபடி கேட்டா, உனக்கு ஆமான்னு தோணினா ஆமான்னே சொல்லிடு. எல்லாத்தையும் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி பேசி முடிச்சிடு கண்ணு, குடுத்த பிறகு உங்க அப்பாவே உன்னைப் பேச விட மாட்டார்.