வீடு எங்க பாக்குறது, ஊருக்குப் போயி வேலை பாக்கலாமான்னு கேட்ட மேலூர் தம்பிக்கு

தம்பி, மேலூர்லருந்து ஜெர்மனியில டுசல்டார்ஃப் வந்து ஆறு மாசம், வாரத்துல ரெண்டு நாள்தான் ஆபீஸ், அதனால வாடகை கம்மியான சின்ன ஊருக்குப் போயிரவா, இல்ல பேசாம ரெண்டு மாசம் அம்மாகிட்டயே உக்காந்து வேலை பாக்கவான்னு கேட்டிருந்த. எனக்குத் திருமங்கலம், இங்க பக்கத்துல டோர்ட்முண்ட் வந்து 11 வருசம்.

வாடகை மிச்சம்னு நானும் ஒரு கிராமத்துக்குப் போனவன்தான். நவம்பர்ல நாலரைக்கே இருட்டிரும், மணிக்கு ஒரு பஸ்ஸு, வெள்ளிக்கிழமை பயலுக கூடி கறிக்குழம்பு வச்சா நான் கடைசி பஸ்ஸுக்காக பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடுவேன். ஒரு வருசம் தாங்கல. நடந்து போற தூரத்துல ரெண்டு பேராவது இருக்குற எடத்துல வீடு பாரு, காசு கூடப் போனாலும் சரி. ஆபீஸும் ரெண்டு நாள்னா மூணு நாளாப் போ, எனக்கு வீடு மாத்துனப்ப சோபா தூக்க வந்தவய்ங்க எல்லாம் ஆபீஸ்ல மதியம் கூட உக்காந்து சாப்பிட்டவய்ங்கதான். பக்கத்து ஊரு ஹாம்ல காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, இலங்கைத் தமிழங்க கட்டுனது, 2002ல கும்பாபிஷேகம், தேரோட்டத்துக்கு வா, அங்கயே நாலு குடும்பம் பழக்கமாயிரும்.

ஊருலருந்து வேலை பாக்குறது தப்பில்ல, ஆனா கம்பெனிக்குச் சொல்லாம, எங்க இருக்கோம்னு மறைக்கிற விபிஎன் போட்டு ஏமாத்துற சோலி வேணாம். ஹெச்ஆர்ட்ட அனுமதிய எழுத்துல வாங்கிரு. வருசத்துல 183 நாளுக்குள்ளன்னா பொதுவா உன் சம்பளத்துக்கு இந்தியாவுல டாக்ஸ் வராது, ப்ளூ கார்டுன்னா, அதான் இங்க வேலை பாக்க குடுக்குற விசா, வெளிய ஒரு வருசம் வரைக்கும் தாங்கும், ஆனாலும் கம்பெனிக்கு அங்க வரி கட்ட வேண்டி வருமோ, டேட்டா பாதுகாப்பா இருக்குமோன்னு பயம் இருக்கும், அதனால சில வாரந்தான் குடுப்பாய்ங்க. இங்கத்த அரசு இன்சூரன்ஸ் அங்கிட்டு செல்லாது, தனியா ஒண்ணு எடுத்துக்க.

கோடையில போ. அப்ப மூன்றரை மணி நேரந்தான் வித்தியாசம், இங்க ஒம்பது மணின்னா அங்க பன்னெண்டரை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேசன் முடிஞ்சு செக்கப்புக்கு அண்ணா நகர் அரவிந்துக்கு காலைல கூட்டிட்டுப் போயி, வர்ற வழியில இட்லி தின்னுட்டு, லாக்இன் பண்ண நேரம் இருந்துச்சு. பத்து வருசத்துல அம்மாவோட அப்படி ஆற அமர உக்காந்தது அந்த ஆறு வாரந்தான்.

மதியத்துக்கு மேலதான் ரோதனை. லேப்டாப் முன்னாடி இருந்தா சும்மா இருக்கேன்னு நம்ம சனத்துக்கு நெனப்பு. "வீட்லதான இருக்க, அவனியாபுரம் வரைக்கும் போயி பத்திரிக்கை வச்சுட்டு வந்துரு"ன்னு மாமா நிக்கிறாரு. ஒரு நாள் டெமோ குடுத்துக்கிட்டு இருக்கேன், பக்கத்து வீட்ல காதுகுத்து, மைக்செட்டு என் ஜன்னலப் பாத்து கட்டிருக்காய்ங்க, அம்மா வேற கேமராக்குள்ள கைய நீட்டி பருத்திப்பால் டம்ளர வைக்கிது. எதுத்தாப்புல ஜெர்மன்காரரு முகத்துல ஒரு சிரிப்பு, அது என்ன ட்ரிங்க்குன்னு கேட்டாரு, டெமோவ விட்டுட்டு அத வெளக்குனேன்.

அதனால ரெண்டு மாசம் முழுசா வேலைன்னு போகாத. நாலு வாரம் வேலை, ரெண்டு வாரம் சுத்தமா லீவு. அழகர் ஆத்துல எறங்குற வாரத்த லீவுப் பக்கம் தள்ளிரு, அன்னைக்கு லேப்டாப் தொறந்தா வீட்ல உன்ன மனுசனாவே மதிக்க மாட்டாங்க. கெளம்புறதுக்கு முன்னாடி இன்வெர்ட்டர் பேட்டரிக்கு தண்ணி ஊத்தி வைக்கச் சொல்லு, மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல கரண்ட்ட நிறுத்துனா சாயங்காலம்தான் விடுவாய்ங்க.