தலை ஆடுகிறது, கலங்கரை விளக்கம் ஏன் ஆடவில்லை?

கேள்வி: தினமும் காலையில் மெரினாவில் வேகநடை போகிறேன். நான் எவ்வளவு குலுங்கி நடந்தாலும் கலங்கரை விளக்கம் அசையாமல் நிற்கிறது. அதே நடையில் செல்போனில் வீடியோ எடுத்தால், பார்க்கிற என் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றுகிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய போன்தான். என் கண் அதைவிட உசத்தியா?
- ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: உசத்தி கண் இல்லீங்க, காது! கையில் இருக்கும் இந்தப் பக்கத்தை வைத்தே பார்த்துவிடலாம். கை நீட்டிப் பிடித்து, நொடிக்கு இரண்டு மூன்று தடவை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். எழுத்தெல்லாம் கலங்கிப்போகும். அப்புறம் பக்கத்தை அசைக்காமல், அதே வேகத்தில் 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையை ஆட்டுங்கள். படிக்க முடிகிறதா?

ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம். தண்ணீர்ச் சொம்பைச் சட்டென்று திருகினால் சொம்பு திரும்பும், தண்ணீர் பின்தங்கும் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். அந்தப் பின்தங்கலை வைத்துத் தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்று தெரிந்து, மூன்றே நரம்பணுக்கள் கடந்து சேதி கண் தசைக்குப் போய், விழி எதிர்ப்பக்கம் அதே அளவு திரும்பிவிடுகிறது. எல்லாம் சுமார் 10 மில்லி நொடியில். பக்கத்தை ஆட்டும்போது காதுக்கு வேலை இல்லை, கண்ணே பார்த்துத் துரத்த வேண்டும். அதற்கு 100 மில்லி நொடி போல ஆகிறது, அதற்குள் எழுத்து எங்கேயோ போயிருக்கும்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் உள்காது கெட்டுப்போன ஒரு மருத்துவர் 1952இல் தன் அனுபவத்தை எழுதினார். படுத்துக்கொண்டு படிக்கும்போது நாடித் துடிப்புக்கே எழுத்துகள் குதித்தனவாம். கட்டில் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையை முட்டுக்கொடுத்துத்தான் வாசித்திருக்கிறார்.

சரி, போன். அதற்குள்ளும் கைரோஸ்கோப் என்று ஒரு குட்டிக் காது உண்டு. அது சொல்லும் ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக லென்ஸ் நகரும், ஆனால் கொஞ்ச தூரம்தான்; மீதி ஆட்டத்தைப் படத்தின் ஓரங்களை வெட்டித்தான் சமாளிக்கிறது. விடிவதற்கு முன் எடுத்தால் இன்னும் மோசம்: வெளிச்சம் போதாமல் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் ஏற்பட்ட இழுசலைப் பிறகு வெட்டி ஒட்டி நீக்க முடியாது. வெயில் வந்த பிறகு, முழங்கையை விலாவோடு ஒட்டி, இரண்டு கையாலும் பிடித்து எடுங்கள். நின்று எடுத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: அப்படியென்றால் பஸ்ஸில் போன் படிக்கும்போது மட்டும் எழுத்து ஏன் ஆடுகிறது?
- இன்னொரு வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் தலை ஆடுவது காதுக்குத் தெரியும், உங்கள் கை ஆடுவது தெரியாதே! அதே குலுக்கலில் ஜன்னல் வழியாகத் தூரத்துக் கடைப் பலகையைப் பாருங்கள், படித்துவிடுவீர்கள்.