ஆவி பறக்கச் சூடாக்கியும் வாந்தி ஏன்?

கேள்வி: காலை எட்டு மணிக்கு வடித்த சோறு குக்கரிலேயே மூடிக் கிடந்தது. இரவு அதை எலுமிச்சை சாதமாகக் கிளறி, நன்றாகச் சூடாக்கித்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஊசல் வாடை இல்லை. இரண்டு மணி நேரத்தில் இருவருக்கும் வாந்தி. காய்ச்சல் இல்லை, மறுநாள் சரியாகிவிட்டது. சூடாக்கிய பிறகும் எப்படி? – வாசகி, மதுரை

பதில்: இவ்வளவு சீக்கிரம் வாந்தி, காய்ச்சலும் இல்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவை. மண்ணில் வாழ்வது, அரிசியோடு வீட்டுக்குள் வரும். ஸ்போர் எனப்படும் அதன் வித்துகள் உலை கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகி, ஒரு நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. வாணலிச் சூட்டில் கிருமி செத்திருக்கும், நச்சு அப்படியே இருந்திருக்கும். அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது.

கோளாறு மூடிய குக்கரில்தான். மேலே ஆறிப்போனாலும் நடுச்சோறு பல மணி நேரம் இளஞ்சூட்டிலேயே இருக்கும். 5 முதல் 60 டிகிரி வரை கிருமி வளர ஏற்ற சூடு. அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சோறு இருக்கக் கூடாது; மதுரை வெயிலில் அடுக்களையே 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரம்தான்.

மிஞ்சும் என்று தெரிந்தால் உடனே அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். ஆவி அடங்கியதும் ஆழமில்லாத டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். முழுக்க ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மறுநாளே, வேண்டிய அளவை மட்டும் எடுத்து, ஒரே முறை சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

அப்படியானால் பழைய சோறு? நீரில் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் இந்தக் கிருமியின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். ஆனால் பகல் முழுக்கக் குக்கரில் கிடந்த சோற்றில் இரவு நீர் ஊற்றுவதில் பயனில்லை. அதற்குள் நச்சு ஊறியிருக்கலாம்.

மறுபடி இப்படி நேர்ந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் அச்சிட்டிருக்கும் அளவு நீரில் முழுதாகக் கரைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி வீதம் கொடுங்கள். பாதிப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகக் கரைத்தால் உப்பின் அளவு தவறிவிடும், அது பிள்ளைக்கு ஆபத்து. ஆன்டிபயாட்டிக் வேண்டாம், நச்சை அது ஒன்றும் செய்யாது. வாந்தி நிற்காமல் எதுவும் உள்ளே தங்காவிட்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மலத்தில் ரத்தமோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.