கேட்டதும் சொன்னதும்: விரலை எடுத்ததும் அறுந்துபோகும் ஒலி

கேள்வி: பழைய மினிமூக் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) ஒன்றை வாசிக்கிறேன். கட்டையிலிருந்து விரலை எடுத்தவுடன் ஒலி சட்டென்று நின்றுவிடுகிறது. அது மெல்லத் தேய்ந்து மறைய வழி உண்டா?

பதில்: உண்டு. 1970-இல் வெளிவந்த மினிமூக் மாடல் டி-யில் ஃபில்டருக்கும் (ஒலியின் கூர்மையை வடிகட்டும் பகுதி) ஒலியளவுக்கும் தனித்தனியாக அட்டாக் (ஒலி எழும் நேரம்), டிகே (உச்சத்திலிருந்து தணியும் நேரம்), சஸ்டெயின் (கட்டையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு) என மும்மூன்று குமிழ்களே இருக்கின்றன. ரிலீஸுக்கென, அதாவது விரலை எடுத்த பின் ஒலி தேயும் நேரத்துக்கென, தனிக் குமிழ் கிடையாது. கட்டைகளுக்கு இடப்புறம், சக்கரங்களுக்கு அருகிலுள்ள டிகே சுவிட்சைப் போட்டுவிட்டால், டிகே குமிழில் வைத்த நேரமே விரலை எடுத்த பின் ஒலி தேய்வதற்கான நேரமாகவும் அமையும். இரண்டையும் வெவ்வேறாக வைக்க முடியாது என்பது குறைதான். சுண்டியது போன்ற பேஸ் (தாழ்சுருதி) ஒலி வேண்டுமானால், கட்ஆஃபை (ஃபில்டர் வடிகட்டத் தொடங்கும் அதிர்வெண்) தாழ்த்தி, ஃபில்டரின் அட்டாக்கையும் சஸ்டெயினையும் பூஜ்யத்தில் நிறுத்தி, டிகேயைக் குறுக்கி, என்வலப் அளவை (இந்தக் குமிழ்கள் ஃபில்டரை எவ்வளவு அசைக்க வேண்டும் என்பதை) மட்டும் பாதிவரை ஏற்றிப் பாருங்கள்.