கேளுங்கள், சொல்கிறேன்: பாண்டி பஜார் முதல் உங்கள் தெரு வரை

(நகராட்சி ஒன்றின் பொறியியல் பிரிவில் சாலை வரைபடங்கள் போட்டு ஓய்வுபெற்ற அம்மையார் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். சென்னை தி.நகர் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகத்தைப் பற்றிச் சென்ற இதழில் அவர் எழுதிய குறிப்புக்கு வந்த கடிதங்கள் இவை.)

பாண்டி பஜாரில் சாலையைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கியதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். இருக்கிற சாலையே போதாத ஊரில் அதையும் குறுக்குவது எந்த ஊர் நியாயம் அம்மா?
– கார் வைத்திருப்பவர், அசோக் நகர்

நடக்கிறவர் ஊர் நியாயம்தான் ஐயா, வேறென்ன!

பழைய பாண்டி பஜாரை நினைத்துப் பாருங்கள். கடை வாசலில் ஸ்கூட்டர் வரிசை, அதற்கு வெளியே கார் வரிசை, அந்தக் காரைத் திருப்ப முடியாமல் நிற்கும் இன்னொரு கார். பையும் பிள்ளையுமாக வந்தவர்கள் தாரில் நடந்தார்கள். தாரில் பாதி அப்போதே ஓடாத வண்டிகளுக்குப் போயிருந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவழித்து, பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலைச் சந்திப்பு வரை நடைபாதையை விரித்து 2019 நவம்பரில் திறந்தார்கள். நிற்கிற வண்டி அடைத்துக்கொண்டிருந்த இடத்தை நடக்கிற காலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

குறுக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. நான்கு தடச் சாலை சுமார் 14 மீட்டர் அகலம் இருக்கும். முழங்கால் வலியுள்ள என் வயதுக்காரி அதைக் கடக்கப் பதினைந்து வினாடி ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்தப் பதினைந்து வினாடியில் 160 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அவ்வளவு தூரத்துக்கு வண்டியே கண்ணில் படாதபோதுதான் நான் கால் வைக்கலாம் என்றால் தி.நகரில் நான் விடியற்காலையில்தான் சாலையைக் கடக்க முடியும். அகலத்தைப் பாதியாக்கினால் எட்டு வினாடி போதும். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் இருந்தால், ஒரு சமயத்தில் ஒரு திசை வண்டியை மட்டும் பார்த்தால் போதும். நடைபாதையின் அழகைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கடக்கும் தூரம் குறைவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விபத்துக்கு ஓட்டுகிறவரின் அலட்சியம்தானே காரணம்? கல்லையும் கோட்டையும் மாற்றினால் மனிதர் மாறிவிடுவாரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

மாறமாட்டார் ஐயா. மாறமாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் வரைபடமே போட வேண்டும். சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட கொள்கையின் சாரமும் இதுதான்: மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையைக் கட்டு.

தெரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தெரு சேருமிடத்தில் கர்ப் கல்லை, அதாவது நடைபாதையின் ஓரக் கல்லை, வளைத்துப் பதிக்க வேண்டும். எவ்வளவு வளைவு என்பதை முடிவு செய்வது வரைபலகையில் என் கையில் இருந்த காம்பஸ். 12 மீட்டர் ஆரம் வைத்தால் வண்டி பிரேக்கைத் தொடாமலே திரும்பிப் போகும். 4 மீட்டர் வைத்தால் எப்பேர்ப்பட்ட வீரனும் ஸ்டீயரிங்கை ஒடித்து, வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப வேண்டும். அங்கே போலீஸ்காரர் வேண்டாம், அறிவிப்புப் பலகை வேண்டாம். "குப்பை லாரி திரும்ப வேண்டாமா?" என்று மேலதிகாரிகள் எப்போதும் பெரிய ஆரத்தையே கேட்பார்கள். வாரத்தில் சில முறை வரும் லாரிக்காக நாள் முழுவதும் வரும் மோட்டார் சைக்கிளுக்குப் பந்தயத் தடம் போட்டுக் கொடுப்போம்.

வேகம்தான் உயிரை எடுக்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் உங்களைப் பார்த்துத் திடுக்கிட்டுப் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வண்டி எட்டு மீட்டர் வந்திருக்கும். 50 என்றால் ஏறக்குறைய பதினான்கு. சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினால் உயிர்ப்பலி விபத்தின் வாய்ப்பு 4 சதவீதம் ஏறுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 2022-இல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அத்தனை பேரும் அலட்சியமாக நடந்தார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

பாண்டி பஜாரில் நிம்மதியாக நடக்க எது நல்ல நேரம்?
– வாசகி, பெரம்பூர்

கடைகள் திறக்கும் முன். திறந்த பிறகு போனால் கால் நடக்கும், கண் கம்மலில் நின்றுவிடும்.

எங்கள் பகுதியில் புதிதாகக் கட்டும் நடைபாதை ஒரு அடிக்கு மேல் உயரம். வண்டி ஏறாது என்கிறார் மேஸ்திரி. எனக்கோ ஏறவே முடியவில்லை.
– மூத்த குடிமகன், நங்கநல்லூர்

மேஸ்திரி சொல்வது பாதி உண்மை. வண்டி ஏறாது, மனிதரும் ஏறமாட்டார். பிறகு அது யாருக்கு?

சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் 103-ஆம் எண் வழிகாட்டி, நடைபாதை சாலை மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்கிறது. தடங்கலில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், கடைத்தெருவில் அதற்கும் மேல். இது தெரிந்தே ஏன் உயர்த்துகிறார்கள்? பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒவ்வொரு தடவையும் சாலை நான்கைந்து சென்டிமீட்டர் வளரும். மூன்று நான்கு தடவை போட்டால் 15 சென்டிமீட்டர் நடைபாதை தரையோடு தரையாகிவிடும். அதனால் ஒப்பந்தக்காரர் வருங்காலத்துக்கும் சேர்த்து இப்போதே உயர்த்திவிடுகிறார். சாலை வளர்வதற்கு உங்கள் முழங்கால் வாடகை கொடுக்கிறது.

அந்த உயரத்தின் இன்னொரு கூத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் போவதற்காக நடைபாதையை வெட்டிச் சாலை மட்டத்துக்கு இறக்குவார்கள். பத்து வீடு கடந்தால் பத்து முறை இறங்கி ஏற வேண்டும். மூன்றாவது வீட்டிலேயே ஆள் தாருக்கு இறங்கிவிடுவார், பிறகு மேலே வரவே மாட்டார். சரியான முறை நேர்மாறானது. நடைபாதை ஒரே மட்டமாகப் போக வேண்டும், கார்தான் சின்னச் சாய்தளத்தில் ஏறி இறங்க வேண்டும். பாண்டி பஜாரில் போய்ப் பாருங்கள், குனிந்து தரையைப் பார்க்காமல் பேசிக்கொண்டே நடக்கலாம். அது டைல்ஸின் மகிமை அல்ல, மட்டத்தின் மகிமை.

நான் சக்கர நாற்காலியில் போகிறவன். நடைபாதை முகப்பில் குட்டைக் கம்பங்களை நெருக்கி நட்டு வழியை அடைத்துவிட்டார்கள். கேட்டால் பைக் நுழையாமல் இருக்கத்தான் என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

தம்பி, இந்தக் கணக்கில் நான் பல வருடம் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் நாற்காலி தாராளமாகப் போகக் கம்பங்களுக்கு நடுவே 1.2 மீட்டர் விட வேண்டும். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் அகலம் சுமார் 70 சென்டிமீட்டர். நாற்காலி நுழைகிற எந்த இடைவெளியிலும் ஸ்கூட்டர் நுழையும். நாற்காலியை விட்டு ஸ்கூட்டரை மட்டும் மறிக்கும் கம்பத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே கம்பத்தால் தீராத வேலையைக் கம்பத்திடம் கொடுக்கக் கூடாது. காரைத் தடுக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு நட வேண்டும். இருசக்கர வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்துமிடம் கொடுத்து, மீறி ஏறினால் அபராதம் போட வேண்டும். பாண்டி பஜார் வளாகம் திறந்த சில காலத்திலேயே நடைபாதைமேல் வண்டிகள் நிற்பதாகப் புகார் எழுந்தது. நாடா வெட்டுவதற்குத் தேதி உண்டு, தினமும் வந்து பார்க்கிறவருக்குப் பதவி இல்லை. என் கோபமெல்லாம் அங்கேதான்.

ஒன்று சொல்கிறேன், மனுவில் எழுதுங்கள். தடையில்லாத, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது.

எங்கள் கடைத்தெருவையும் இப்படி மாற்றப்போவதாகப் பேச்சு. வாசலில் கார் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமே?
– ஜவுளிக்கடைக்காரர், திருச்சி

பயம் நியாயமானது, முதல் போட்டவர் நீங்கள். ஆனால் ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்தபடி உள்ளே வருகிறவர்களை எப்படி வந்தீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். பஸ், பைக், ஆட்டோ, நடை, கார் என்று ஐந்து கட்டம் போதும். வாசலில் நாள் முழுவதும் நிற்கும் காரில் ஒன்றாவது பக்கத்துக் கடைக்காரருடையதா, உங்களுடையதா என்பதையும் குறியுங்கள். (கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் பார்த்த எல்லாக் கடைத்தெருவிலும் முதலாளி வண்டிதான் முதலில் வந்து கடைசியில் போகும்.) அந்த நோட்டோடு கூட்டத்துக்குப் போனால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். சரக்கு இறக்க நேரமும் இடமும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. கார்களுக்குத் தெருவுக்குள் இடம் கேட்காதீர்கள், தெருமுனையில் கேளுங்கள். தி.நகரில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டியது அதற்குத்தான்.

நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?
– வாசகர், வேளச்சேரி

2013-இல் பாண்டி பஜார் வியாபாரிகளை நடைபாதையிலிருந்து மாநகராட்சி கட்டிய கடை வளாகத்துக்கு மாற்றினார்கள். காலியான இடத்தில் நடக்கிறவர் வரவில்லை, வண்டி வந்து நின்றது. பூக்காரம்மாவின் கூடை அடைக்கும் இடத்தையும் ஒரு கார் அடைக்கும் இடத்தையும் அளந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவை அமைக்கச் சொல்கிறது, அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். நடக்க இவ்வளவு, விற்க இவ்வளவு என்று வரைபடத்திலேயே கோடு போட்டுக் கொடுத்தால் தகராறு பாதியாகக் குறையும்.

தெருவைக் கிளறுவதற்குப் பதில் நடை மேம்பாலம் கட்டினால் என்ன? மாம்பலத்தில் கட்டியிருக்கிறார்களே!
– பொறியியல் மாணவர், சேலம்

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை 570 மீட்டர் நீளம். அது வேறு கதை. ரயிலிலிருந்து இறங்குகிறவர் எப்படியும் படியேறித்தான் வெளியே வர வேண்டும், ஏறிய உயரத்திலேயே பஸ் நிலையம் வரை போய்விடலாம், லிப்டும் இருக்கிறது. சாதாரணத் தெருவில் எதிர்க் கடைக்குப் போக மேம்பாலம் என்றால், பஸ் அடியில் போக வேண்டிய உயரத்துக்கு ஏற வேண்டும். 15 சென்டிமீட்டர் படியாகப் போட்டால் கிட்டத்தட்ட நாற்பது படி ஏறி, நாற்பது படி இறங்க வேண்டும். ஒரு கிலோ வெங்காயத்தோடு நீங்கள் ஏறிக் காட்டுங்கள், பிறகு ஒப்புக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்தார்கள்?
– வாசகி, ஈரோடு

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் பிராட்வே சாலையின் ஐந்து தெரு நீளத்தை காருக்கு மூடினார்கள். கல் பதிக்கவில்லை, சிலை வைக்கவில்லை. பீப்பாய்களை மறித்து வைத்து, மடக்கு நாற்காலிகளைப் பரப்பினார்கள், அவ்வளவுதான். நடப்பவர்கள் காயமடைவது 35 சதவீதம் குறைந்தது என்று கணக்கெடுத்த பிறகுதான் நிரந்தரமாக்கினார்கள். பாண்டி பஜாரிலும் கட்டுமுன் தற்காலிகத் தடுப்பு வைத்துச் சோதித்தார்கள். கொள்கையும் நம்மிடம் உண்டு: 2014-இல் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்ட மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. நல்ல தமிழில் எழுதி வைத்த உயில் போலத்தான், பாகம் பிரிக்கும்போது எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த மாதம் எங்கள் தெருவில் வேலை தொடங்குகிறது. நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
– குடியிருப்போர் நலச் சங்கத்தினர், தாம்பரம்

முதலில் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள், அதாவது தெருவைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் படத்தை. கணினியில் போட்ட வண்ணப் படத்தைக் காட்டுவார்கள், அதில் மரம் பூத்திருக்கும், எல்லோரும் சிரித்துக்கொண்டு நடப்பார்கள். அது வேண்டாம். அளவு போட்ட கறுப்புக் கோட்டுப் படம் வேண்டும். அதில் நடைபாதையின் உயரம், தடையில்லாத அகலம், மூலையின் ஆரம் ஆகிய மூன்றையும் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

பிறகு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடங்கள். மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் பெட்டி) எங்கே நிற்கிறது, மேன்ஹோல் மூடி எந்த மட்டத்தில் வருகிறது, பஸ் நிறுத்தத்தின் கூரை நடைபாதையை விழுங்குகிறதா என்று பாருங்கள். படத்தில் 1.8 மீட்டர் என்று இருக்கும், பில்லர் பாக்ஸ் நடுவில் வந்ததும் அது அரை மீட்டராகிவிடும். பெட்டியை நகர்த்துவது மின்வாரியத்தின் வேலை, நடைபாதை மாநகராட்சியின் வேலை. இரண்டு பேரும் மற்றவர் வரட்டும் என்று காத்திருப்பார்கள். மழைநீர் வடிகால் நடைபாதைக்கு அடியில்தான் வரும் என்றால் எந்தப் பக்கம் சரிவு என்பதையும் கேளுங்கள். தி.நகரே ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர், தண்ணீருக்குப் பழைய முகவரி மறக்காது.

கடைசியாகப் புதுத் தார் போடும்முன் பழையதைச் சுரண்டி எடுப்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே மனு கொடுங்கள். இரண்டு நகல் எடுத்துப் போங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுண்ட்டரை விட்டு நகராதீர்கள்.