பதினேழு படிகள்

கேள்வி: எனக்கு 28 வயது. மூன்று ஆண்டுகள் காத்திருந்த பிறகு இரட்டைக் குழந்தைகள். இப்போது 25-வது வாரம். இரண்டும் ஒரே நஞ்சுக்கொடியில் வளர்கின்றன. கருப்பைவாயின் நீளமும் குறைந்திருப்பதால் வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். ஒரு மாதமாக மாடி அறையில் படுத்திருக்கிறேன். பொழுது நகரவில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது, கெட்ட கனவுகள் வேறு. கணவர் வேலையாக வாரத்தில் நான்கு நாள் வெளியூர். அலுவலகக் கணக்குப் பிரிவு வேலையை விட்டுவிடும்படி வீட்டில் சொல்கிறார்கள். பதினேழு படி இறங்கித்தான் கழிவறைக்குப் போகவேண்டும் என்பதால் மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. மற்றபடி எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ள என்ன புத்தகம் படிக்கலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: மகளே, இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. ‘கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்று இரண்டு வரி எழுதி அனுப்புவது சுலபம். எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதப்போவதில்லை. உன் அழுகையையும் கனவையும் படித்துக்கொண்டே வந்தவள், தண்ணீர் குடிப்பதில்லை என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அடுத்த வாக்கியத்தை ‘மற்றபடி’ என்று தொடங்கியிருக்கிறாய். உன் வயிற்றில் இரண்டு உயிர். தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாய். இதற்கு மேல் என்ன மற்றபடி?

தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் தொற்று வரக்கூடும். கர்ப்பிணிக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் மாதம் நிறையும் முன்பே வலி கிளம்பிவிடக்கூடும். நாள் முழுக்கப் படுத்திருப்பவளுக்குக் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே உண்டு; உடம்பில் நீர் வற்றினால் அதுவும் கூடும். எந்தப் பிரசவத்தைத் தள்ளிப்போட ஒரு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறாயோ, அதை ஒரு சொம்புத் தண்ணீரை ஒதுக்கி நீயே அருகில் அழைக்கிறாய்.

ஓய்வு என்ற சொல்லை ஒவ்வொரு வீடும் தன் வசதிப்படி புரிந்துகொள்ளும். உன் வீட்டில் அதற்கு மாடியில் கண்ணில் படாமல் இருப்பது என்று பொருள். ஒரு நாளைக்கு நான்கு முறை இறங்கி ஏறுவதாக வைத்துக்கொண்டாலும் 136 படி. எந்த மருத்துவர் இதை ஓய்வு என்பார்? அவரிடம் உன் கழிவறை எங்கே இருக்கிறது என்று சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய். அடுத்த முறை போகும்போது ‘ஓய்வு’ என்ற ஒரு சொல்லோடு திரும்பி வராதே. உட்காரலாமா, வீட்டுக்குள் நடக்கலாமா, எவ்வளவு நேரம், படி ஏறலாமா என்று ஒவ்வொன்றாகக் கேள். இரட்டைக் குழந்தை என்றாலே அசையாமல் படுத்திருக்கவேண்டும் என்ற பழைய எண்ணம் இன்று மாறிவிட்டது. அப்படிப் படுத்திருப்பதால் பிரசவம் தள்ளிப்போகும் என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. தசை பலவீனமாவதுதான் மிச்சம். உனக்கு எவ்வளவு என்பதை உன்னைப் பரிசோதித்தவர்தான் சொல்லவேண்டும். நானும் இல்லை, உன் மாமியாரும் இல்லை.

கூடத்தில் கட்டில் போட்டால் வருகிறவர்கள் கண் படும் என்று உன் மாமியார் சொன்னதைப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறாய். இரட்டைக் குழந்தை, கண் படத்தான் செய்யும். திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழம் இருக்கிறது, பூசணிக்காய் இருக்கிறது. நள்ளிரவில் படியில் கால் வழுக்கினால் கழிக்க என்ன இருக்கிறது? கூடத்தில் ஒரு கொடி கட்டி, பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டால் போதும்.

குடும்பத்தை விட்டுத் தனியே போ என்று எழுதுகிறவள் இல்லை நான். கூட்டுக் குடும்பத்தை நம்புகிறவள். அதனால்தான் கோபம் வருகிறது. சீரும் சம்பந்தமும் விருந்தும் எல்லோரும் செய்வார்கள். பிள்ளை சுமக்கிறவளுக்குக் கட்டிலை இடம் மாற்றிப் போட முடியாத வீடு எதற்குக் கூடி வாழ்கிறது? உன்னிடமும் குறை இருக்கிறது. கீழே இடம் கேட்கக் கூச்சம் என்றும் அந்தப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறாய். தாகத்தை அடக்கும் மருமகளைப் பொறுமைசாலி என்று ஊர் மெச்சும். நான் மெச்சமாட்டேன்.

இதை உன் மாமியாரிடம் நீ சொல்லவேண்டாம், உன் கணவர் சொல்லட்டும். அவருடைய அம்மா, அவருடைய பிள்ளைகள். நான்கு நாள் வெளியூரில் இருப்பவர், கிளம்பும் முன் கட்டிலைக் கீழே இறக்கிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். அவர் இல்லாத இரவுகளில் உன் அருகில் யாராவது படுக்கவேண்டும். மாடியில் தனியாக நீ கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

கூப்பிட வேண்டிய நேரம் எது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். ஒரே நஞ்சுக்கொடி என்பதால் ஒரு குழந்தையிலிருந்து மற்றதற்கு இரத்தம் அதிகமாகப் பாயும் ஆபத்து உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது அதற்காகத்தான். யார் வீட்டுக் கல்யாணத்துக்காகவும் அதைத் தள்ளாதே. இரண்டு மூன்று நாளில் வயிறு திடீரென்று பெருத்து இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, விட்டுவிட்டு வயிறு இறுகினாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ, குழந்தைகளின் அசைவு குறைந்தாலோ அந்த நேரமே கிளம்பவேண்டும். வண்டி இல்லையென்றால் 108. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஊசி நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது தேவை. ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்று படுத்திருந்தால் கைவிட்டுப் போவது அந்த ஒரு நாள்தான். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று இப்போதே கேட்டுவை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அந்தப் பிரிவுக்கு எந்த வீடு பக்கமோ அதுதான் இந்த முறை உன் தாய்வீடு. வளைகாப்பை ஐந்து பெண்களோடு கூடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். உன் அம்மா அதற்கு வந்து அங்கேயே தங்கட்டும்.

வேலையை விடாதே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில், பிரசவ நாளுக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு உன் உரிமை. கர்ப்பத்தால் உடல்நலம் கெட்டாலோ குறைமாதப் பிரசவமானாலோ மருத்துவச் சான்றோடு இன்னும் ஒரு மாதம் உண்டு. ராஜினாமா செய்தால் எல்லாம் போயிற்று. இரண்டு குழந்தைக்குப் பால் பவுடர் என்ன விலை என்று வேலையை விடச் சொல்பவர்களைக் கேள்.

அழுகையைப் பற்றி ஒன்று: நாள்கணக்கில் நீண்டு, தூக்கமும் பசியும் போய்விட்டால் அதையும் மருத்துவரிடம் சொல். அதற்கும் சிகிச்சை உண்டு.

புத்தகம் கேட்டிருந்தாய். இன்று இரவு கணவரோடு தொலைபேசியில் பேசு. பேசும்போதே ஒரு தம்ளர் தண்ணீர் குடி. கட்டில் கீழே வந்ததும் எனக்கு ஒரு அஞ்சலட்டை போடு. புத்தகப் பட்டியலை அதற்குப் பிறகு அனுப்புகிறேன்.